சிதம்பரம் பஸ்

"ஸ்பேனரக் குடு மச்சான்!"

ஆவி சீறிக்கொண்டிருந்த கார் என்ஜினுக்குள் துணி சுற்றிய கையை நுழைத்தான் ஜாபிர். ரேடியேட்டர் குழாயை என்ஜினோடு சேர்க்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளந்து, தண்ணீர் முழுதும் புதுச்சத்திரம் சாலையில் ஓடியிருந்தது. சிதம்பரத்தில் மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் அவனுடைய வாப்பாவை அடக்கம் செய்துவிடுவார்கள். கடைசியாக ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்கத்தான் சிங்கப்பூரிலிருந்து பறந்து வந்திருந்தான்.

"புது ஹவுசிங் டிக்கியிலயே கெடக்கு. அத மாட்டாம, வெடிச்சதுல பசைய அப்பிக்கிட்டு ஓட்டியிருக்கியே, உன்னப் போய் எங்க வீட்டு மாப்பிள்ளையாக்கினாங்க பாரு!"

அக்காள் புருஷன் மாலிக் குனிந்தபடியே ஸ்பேனரை நீட்டினான்.

துருவேறிய போல்ட்டை ஜாபிர் மூச்சுப் பிடித்துத் திருப்பினான். டக்கென்று அதன் தலை முறிந்து கையோடு வந்தது. இனி பழையதைக் கழற்றவும் முடியாது, புதியதை மாட்டவும் முடியாது.

தூரத்தில் சிதம்பரம் பஸ் தெரிந்தது. ஸ்பேனரை வீசிவிட்டு, அதை நிறுத்தி ஏற ஜாபிர் நடுரோட்டுக்கு ஓடினான். மாலிக் பின்னாலேயே பாய்ந்து அவனை இடுப்போடு கட்டிப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். பஸ் ஹாரன் அடித்தபடி கடந்து போனது.

"பைத்தியமாய்யா ஒனக்கு? தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு. வாப்பா மொகத்த நான் பாக்க வேணாமா?"

மாலிக்கின் பிடி தளரவில்லை.

"தனியாப் போவாத மச்சான்" என்றான், குரல் உடைந்து. "கடலூர் தாண்டறப்பவே போன் வந்துச்சு. இனியும் வச்சிருந்தா உடம்பு தாங்காதுன்னு காலையிலயே வாப்பாவ அடக்கிட்டாங்க."