முழுக்கோடு

நகரம் வெளியே வீங்க வீங்க, குடியிருப்புகள் கண்டபடி முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே நுழைவாயில். உள்ளே போனால் எல்லாத் தெருவும் முட்டுச்சந்து. பக்கத்துக் குடியிருப்போடு சேரும் சாலை ஒன்றாவது இருந்தால்தான் அனுமதி என்பது விதி. பிறகு போடப்போகும் சாலைக்கு வரைபடத்தில் புள்ளிக்கோடுதான் போட வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்திய ஒரு நாள், நகரமைப்பு அலுவலக வரைவாளர் ஒரு குடியிருப்பின் புள்ளிகளை மையால் சேர்த்து, சாலை ஏற்கெனவே இருப்பதுபோல் முழுக்கோடாக்கிவிட்டார். கோடுதானே, யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தார் மனிதர்.

கோடு போன் மேப் வரை போய்ச் சேர்ந்தது. சாலை வரவில்லை. அந்த இடத்தில் பத்தடிச் சுவர்தான் வந்தது. அதை ஒட்டியே வரைவாளர் வீடு வாங்கிக் குடியேறினார் என்றால் அவர் துணிச்சலை என்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு, பச்சைப் போர்வைக்குள் கட்டிலில் படுத்தபடியே, மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரி சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். சாலை வழியாகப் போனால் பதினோரு கிலோமீட்டர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"சீக்கிரம் வாங்க. அக்காவுக்கு மூச்சு முட்டுது. சுத்திதான் வரணும்."

"எதுக்கு சார் சுத்தணும்? மேப்புல நேர் ரோடு இருக்கே," என்றார் டிரைவர்.

"அது நான் போட்ட வெறும் கோடுப்பா. அங்க சுவர் இருக்கு."

"சுவரா? நான் ரோட்டுக்குள்ளயே வந்துட்டேன் சார். நல்ல அகலமான ரோடு."

வரைவாளர் ஜன்னலுக்கு ஓடினார். சுவர் அசையாமல் நின்றது. அதற்கு அப்பால் சைரன் கேட்டது. கிட்ட வரவும் இல்லை, எட்டப் போகவும் இல்லை.

"ரெண்டு பக்கமும் வீடு சார். எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. யாரும் பேச மாட்டேங்கிறாங்க."

"திரும்பிப் போயிடுப்பா."

"எப்படி சார்? பின்னால ரோட்டையே காணோம்." வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஒரு அம்மா கை காட்டுறாங்க. பச்சைப் போர்வை. உங்க அக்காதானே? ஏத்திக்கிட்டோம்."

அவர் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் தலையணை மட்டும் அழுந்திக் கிடந்தது. போர்வையும் இல்லை.

போனில் அக்காவின் குரல் வந்தது. "தம்பி, இப்ப மூச்சு லேசா இருக்குடா."

"அக்கா, இறங்கிடு. நான் சொல்றதக் கேளு, இறங்கிடு."

"எங்கடா இறங்குறது? நீ போட்ட ரோடுங்கிறாரு டிரைவர். இது முடியவே மாட்டேங்குதே."