தொட்டி நிறைய வைக்கோல்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு காலை, இன்னும் ஒருமுறைகூட ஏற்றாத ரோஸ் நிற மெழுகுவர்த்தி பாதியாகக் கரைந்து நிற்பதைப் பெலவேந்திரன் பார்த்துவிட்டான். பூசைக்குப் புறப்பட்டு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பச்சைத் தழை சுற்றிய வளையத்தில் மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்து, நான்கும் எரியும்போது கிறிஸ்துமஸ் வாசலில் நிற்கும். ரோஸ் இந்த வாரத்துக்கானது. மகிழ்ச்சி ஞாயிறு என்று கோயிலில் சொல்வார்கள்.

"இத யாரு பத்த வெச்சது?"

வியாழக்கிழமை கரண்டு போனபோது, அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்க மகள் ரெனிட்டாதான் அதை ஏற்றினாள். அது அவன் மனைவி அமலிக்குத் தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளை, இருட்டில் கைக்கு எது வந்ததோ அதை எடுத்துவிட்டது.

"நாந்தானுங்க. கரண்டு போச்சு, அவசரத்துல..."

முடிக்க விடவில்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தான். அமலி சுவரில் போய் மோதினாள். அடுத்தது விலாவில் விழுந்த குத்து. சட்டையில் கறை படாமல் இருக்க உடம்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு குத்தினான். அதிலெல்லாம் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. "சாயங்காலம் கேரல்ஸ் பாட்டுக் கோஷ்டி மொதல்ல நம்ம ஊட்டுக்குத்தான் வருது. அன்பியத் தலைவர் ஊட்டுல அரை மெழுகுவத்தின்னு சிரிக்கட்டும்" என்றான். பிறகு கோயிலுக்குப் போய் முதல் வாசகம் வாசித்தான். கணீரென்ற குரல். உள்ளம் உடைந்தவர்களைக் குணப்படுத்துவது பற்றிய பகுதி வந்தபோது முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அமலிக்கு ஒரு பக்கக் காதில் ரீங்காரம்தான் கேட்டது. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது அவனுக்கென்றே சொல்லி வைத்த வார்த்தை.

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவன் மேஸ்திரி. அங்கே கேட்டால் தங்கமான மனுசன் என்பார்கள். குடியில்லை, சீட்டாட்டமில்லை. கோயில் பங்கில் இந்தத் தெருக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று பெயர் வைத்து, அதற்கு இவனைத் தலைவராகவும் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. வீட்டுக் கதவு சாத்தியபின் நடப்பதை அமலி யாரிடமும் சொன்னதில்லை. கன்னத்தில் தடம் தெரிந்தால் மஞ்சள் பூசுவாள். கேட்டவர்களிடம் கதவு இடித்துவிட்டது என்பாள். பக்கத்து வீட்டுச் சுகன்யா ஒருநாள், "ஏனுங்க்கா, உங்கூட்டுக் கதவு மட்டும் ஆள் பாத்து இடிக்குதா?" என்று கேட்டுவிட்டு, அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். வாழப்பாடியில் இருக்கும் அம்மாவிடம் கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துக்கோ சாமி" என்று அனுப்பி வைத்துவிட்டாள் அம்மா. இந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் நிச்சயம் அடி வாங்கியவன் இல்லை.

பொறுத்ததெல்லாம் ரெனிட்டாவுக்காகத்தான். அவள் மேல் அவன் கை பட்டதில்லை. அந்த ஒன்றை மட்டும் அமலி கல்வெட்டுபோல் நம்பியிருந்தாள்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குட்டித் தீவனத்தொட்டி செய்து கொடுத்திருந்தார். அட்டையில் செய்தது, சோப்புப் பெட்டி அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு ஒறுத்தலுக்கும் அதில் ஒரு வைக்கோல் போட வேண்டும். பிடித்த மிட்டாயை வேண்டாமென்று வைத்தால் ஒன்று, வலித்தும் முணுமுணுக்காமல் இருந்தால் ஒன்று. கிறிஸ்துமஸுக்குள் தொட்டி மெத்தென்று ஆகிவிட்டால் பாலன் இயேசுவுக்குக் குளிராது. மற்ற பிள்ளைகளின் தொட்டியில் அடிமட்டம் தெரிந்துகொண்டிருக்க, ரெனிட்டாவுடையது இரண்டாம் வாரத்திலேயே விளிம்பைத் தாண்டிப் பிதுங்கியது. பெலவேந்திரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான். பிள்ளைக்கு இப்படி ஒரு மனசா என்று அமலியும் சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் அமலி கேரல்ஸ்காரர்களுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவன் பட்டறை ஸ்கேலையும் கத்தியையும் கொண்டுவந்து உட்கார்ந்து, ஊதா மெழுகுவர்த்திகள் மூன்றையும் ரோஸின் உயரத்துக்கு அளந்து வெட்டினான். நாலும் சமமாகிவிட்டால் குறை தெரியாதல்லவா. வெட்டி முடித்து, தூர நின்று ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்த்துவிட்டு, "வாங்க, அவங்க வரதுக்குள்ள செபத்த முடிச்சுருவோம்" என்று கூப்பிட்டான்.

மூவரும் வளையத்தைச் சுற்றி நின்றார்கள். மூன்று சுடர் எரிந்தது. அவன் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. செபத்தின் நடுவில் ஆளுக்கொரு குற்றத்தை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கோபப்பட்டதற்காக அவன் கேட்டான். எப்போதும் அதைத்தான் கேட்பான். அமலி, அசட்டையாக இருந்ததற்காகக் கேட்டாள்.

ரெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "ரோஸ் மெழுகுவத்திய நாந்தான் ஏத்துனேன். அம்மா இல்ல. இயேசப்பா, என்னய மன்னிச்சுருங்க."

கடவுளிடம் சொல்வதை அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைக்குத் தோன்றவே இல்லை.

பெலவேந்திரன் அவசரப்படவில்லை. மீதி செபத்தைச் சொல்லி முடித்தான். நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான். அதே கையை ஓங்கி மகளை அறைந்தான். இரும்பு தூக்கிக் காய்த்த கை. பிள்ளை சுழன்றுபோய் பீரோ முனையில் விழுந்தது. கீழுதடு பிளந்து, ரத்தம் தாடையில் இறங்கிப் புதுக் கவுனில் சொட்டியது.

"ஆத்தாளும் மகளும் கூட்டுச் சேந்து என்னய ஏமாத்தறீங்களா?"

ரெனிட்டா அழவில்லை. எழுந்தாள். அலமாரியில் வைத்திருந்த வைக்கோல் கட்டிலிருந்து ஒன்றை உருவி, பிதுங்கிய தொட்டியில் கவனமாகச் செருகினாள்.

"என்ன சாமி பண்ற?" என்றாள் அமலி.

"அழாம இருந்தா ஒண்ணு போடலாம்மா. உனக்கும் நாந்தான் போடறேன். நீ ஒருதடவகூட அழுததில்லயில்ல? அதான் நம்ம தொட்டி மட்டும் ரொம்பிருச்சு."

தான் பொறுத்தது பிள்ளையைக் காப்பாற்றும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அது பிள்ளைக்குப் பாடமாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அமலிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கணவன்மேல் வந்தது வேறு. அதற்கு அவளிடம் பெயரில்லை.

பெலவேந்திரன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? இந்த வயசுலயே என்னா பக்குவம். உனக்கு வருமா?" என்றபடி இடுப்பு பெல்ட்டை உருவிக் கையில் சுற்றினான். "பக்குவம் வேற, பொய் வேற. இங்க வா புள்ள."

ரெனிட்டா போனாள். கூப்பிட்டதும் போய் நின்று, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

சமையலறைக்குள் போனதோ, ஆணியிலிருந்து தோசைக்கல்லை எடுத்ததோ அமலிக்கு நினைவில்லை. பெல்ட் மேலே போனபோது அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. நம்ப முடியாமல் திரும்பியவனின் நெற்றியில் இரண்டாவதை இறக்கினாள். மூன்றாவது தோளில் விழுந்தது. அவன் மேசையைப் பிடித்தான். வளையமும் மெழுகுவர்த்திகளும் சரிந்து, சுடர்கள் தரையில் விழுந்து அணைந்தன. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் ஒழுகி வெள்ளைச் சட்டையை நனைத்தது. "அமலி," என்றான். பயந்த குரல். வலி என்பது தனக்கும் வரக்கூடியது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது போலிருந்தது. கொன்றுவிடலாம் என்று அமலிக்கு ஒரு கணம் தோன்றியது. கல்லை இன்னொருமுறை தூக்கினாள். ரெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கை தானாக இறங்கியது.

தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. கேரல்ஸ் வந்துவிட்டது.

"கதவத் தொறக்காத," என்றான் அவன். "புள்ள, உங்கம்மாகிட்டச் சொல்லு. மானம் போயிரும்."

ரெனிட்டா ஓடிப்போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். "மொகத்துல ரத்தம் தெறிச்சிருக்கு, தொடச்சுக்கோம்மா. கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

அமலி துண்டை வாங்கித் தரையில் போட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் தள்ளி, கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் பாட்டுக்கு வாயெடுத்து அப்படியே நின்றார்கள். பக்கத்து வாசலில் சுகன்யா வெளியே வந்துவிட்டாள். உபதேசியார் அருளானந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"என்னாச்சு சாமி, எங்கியாவது உழுந்துட்டியா?"

ரெனிட்டா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"நடந்ததச் சொல்லு," என்றாள் அமலி. "அழுவ வந்தா அழு சாமி. சத்தமாவே அழு."

பிளந்த உதடு நடுங்கியது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ரெனிட்டா அழுதாள். தெருக்கோடிவரை கேட்கும்படி, வாயை முழுக்கத் திறந்து அழுதாள். தாத்தா முகமூடியைக் கழற்றினார். கூட்டத்தின் கடைசியில் நின்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் பாட்டுக்கு டிரம்மை அடித்துக்கொண்டிருந்தான்.