பக்கச்சுவர் மட்டும்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. துக்கத்தில் பிறந்தது என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் படிக்க இதமாக இருந்திருக்கும். தம்பி போய் இரண்டு வாரம் ஆகிறது, அழுது முடித்தாயிற்று. இன்று மாலை அவன் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் வருகிறார், தப்பு யாருடையது என்று எங்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டு போக. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதல் தொடக்கம்: இரும்புத் தொட்டிக்குள் இருட்டு ஒரு மிருகத்தைப் போல

வேண்டாம். இருட்டே இல்லை. உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: மூடிய உருளை வடிவத் தொட்டி. ஆரம் மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர். உட்புறம் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பரப்பு எவ்வளவு?

இதுவே இருக்கட்டும். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

2.

கம்பெனியில் எஸ்டிமேட் போடுபவர் போட்ட கணக்கு: இரண்டு பை, பெருக்கல் ஆரம், பெருக்கல் உயரம். ஐம்பத்தாறரைச் சதுர மீட்டர். உருளையை நெடுக வெட்டி விரித்தால் வரும் செவ்வகம் அது. பக்கச்சுவர் மட்டும். மேலே ஒரு வட்டமும் கீழே ஒரு வட்டமும் அதில் இல்லை. உங்கள் கணக்கில் இருந்ததா?

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அங்கே இது வழக்கமாம். நெட்டையான தொட்டிகளில் கூரையும் தரையும் சொற்பம், விட்டாலும் சமாளித்துவிடலாம். இது குட்டையான, அகலமான தொட்டி. ஆரமும் உயரமும் ஒன்றானால் இரண்டு வட்டங்களும் சேர்ந்து சுவருக்குச் சமம். மொத்தம் நூற்றுப் பதின்மூன்று. பாதியை விட்டுவிட்டார்கள்.)

பரப்பை வைத்துத்தான் நேரம் போடுவார்கள். கணக்குப்படி மதியம் வேலை முடியும். முடிந்ததும் புளோயரை, அதாவது உள்ளே நல்ல காற்றைத் தள்ளும் கருவியை, அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மதியம் தம்பி கூரையை முடித்துவிட்டுச் சுவரில் பாதியில் இருந்தான். தரை முழுதும் மிச்சம்.

3.

அவனோடு வேலை பார்த்த ‘கம்பம்’ வந்து வாசலிலேயே நின்றான். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“நான்தான்க்கா புளோயரத் தூக்கிட்டுப் போனேன்.”

“யாரு சொன்னா?”

“மேனேஜர் போன் பண்ணாரு. ‘இன்னும் உள்ள இருக்கான் சார்’னேன். ‘கணக்குப்படி முடிஞ்சாச்சுய்யா, சும்மா தடவிட்டு இருப்பான், எடுத்துட்டு வா’ன்னாரு. நான் மூடி வழியா எட்டிப் பாத்து, ‘டேய் வெளிய வா, காத்து போகப்போகுது’ன்னேன். ‘இந்தப் பட்டைய முடிக்கலன்னா திட்டுத் திட்டாத் தெரியும்டா, நீ போ, பின்னாடியே வரேன்’னான்.”

காற்றோட்டம் நின்றால் ஆளையே கொல்லும் அந்தப் பெயிண்ட்டின் ஆவி, தலைசுற்ற வைப்பதற்கு முன்னால் நல்ல மனநிலையைக் கொடுக்குமாம். (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.)

4.

எஸ்டிமேட் போடுபவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். தொப்பை வைத்தேன். மோதிரம் மாட்டினேன். அலட்சியமாகச் சிரிக்க வைத்தேன். ஒட்டவில்லை. சாவு வீட்டில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். தண்ணீர் கேட்டு, குடிக்க முடியாமல் டம்ளரைத் திருப்பித் தந்தவர்.

“எப்பவும் அப்படித்தாங்க போடுவோம்,” என்றார். “இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் நல்ல மனிதர் என்பதால் அந்தத் தொட்டிக்குத் தரை இல்லாமல் போய்விடுமா?

5.

முடிவுகள்.

அ) தம்பி சொல்பேச்சு கேட்காமல் உள்ளே இருந்தான். மேனேஜருக்குப் பிடித்த முடிவு.

ஆ) புளோயரை எடுத்தது கம்பத்தின் தப்பு. மேனேஜர் இதற்கும் தயார். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

இ) எஸ்டிமேட் போடுபவர் எழுந்து, ‘என் கணக்குதான் தப்பு’ என்கிறார். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவர் எழுந்திருக்கிறார், வாயைத் திறக்கிறார், தண்ணீர் கேட்கிறார்.

தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணி, முதல் முடிவையே சொல்லிடுங்க.”

“பைத்தியமாடி உனக்கு? அவன் மேல பழி போடச் சொல்றியா?”

“அவருக்கு இனி என்ன ஆகப்போகுது? கம்பம் அண்ணன் உயிரோட இருக்காரு. ரெண்டு பொண்ணுங்க வேற. இவரு இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாரு.”

உண்மைதான், சொல்லுவான். எனக்கு ரத்தம் கொதித்தது. கூரையையும் தரையையும் மறந்தவர்கள் எங்கள் நல்ல மனசை மட்டும் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கமும் விடுபடவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும். இதற்கு மேல் எழுத முடியாது. நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் முடிவுதான் உங்களுக்கும் வசதி என்றால் அதையே எழுதுங்கள். ஆனால் அதை இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான். நான் மாட்டேன்.