தூக்கத்தில் சொன்ன 'ம்'

1

இந்தக் கதை சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் என் காதில் விழுந்தது. மழை வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், ஆலைச் சீருடை போட்ட பெண்ணொருத்தி போனில் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தாள். "நான் சரின்னு சொல்லவே இல்லியே. தூக்கத்துல 'ம்'னுல்லா சொன்னேன்." பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'செல்போன் நிறுவனங்கள் சலுகை என்ற பெயரில் நம்மை...' வேண்டாம். இது பத்திரிகைக்கு எழுதும் புகார்க் கடிதம்.

இரண்டாவது: 'அவள் விழித்தபோது அவளுடைய எண் அவளிடம் இல்லை.' இதிலேயே போவோம்.

பாண்டிச்செல்வி என்று பெயர் வைக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. செல்போன் செய்யும் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, விடுதி ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குவாள். அப்படியொரு தூக்கத்தில்தான் செல்போன் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: திட்டத்தை மாற்றினால் வேகம் கூடும், எண் மாறாது. அப்புறம் கூரியரில் புது சிம் வந்தது. எண் அதேதான் என்று நம்பிப் போட்டாள். பழையது செத்துப்போயிற்று. புதியதில் வேறு எண்.

(எண்தானே, போனால் போகட்டும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த இடத்தில்தான் அருள்பாண்டி கதைக்குள் வந்தான்.)

அருள்பாண்டி அவளுடைய தம்பி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. நினைத்தபோது, யார் யார் போனிலிருந்தோ அக்காவைக் கூப்பிடுவான். "சாப்ட்டியா?" என்பான். பதிலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அவளுடைய பழைய எண் மட்டும்தான்.

3

பழைய எண்ணைக் கேட்டுப் போன அந்த நிறுவனத்தின் கடையில் ஷாரோன் இருந்தாள். (அவளை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதி அடித்துவிட்டேன். வல்லக்கோட்டையிலிருந்து வேலைக்கு வருகிறவள். யாரோ செய்த தப்புக்கெல்லாம் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவள்.)

"நீங்கதான் ஓகே சொல்லிக்கிறீங்க மேடம். ரெக்கார்டு கீது."

"அதைப் போடுங்க. கேக்கேன்."

"கஸ்டமருக்குப் போடக் கூடாது."

"என் குரலை நான் கேட்டா என்னங்க தப்பு?"

ஷாரோன் மேனேஜரின் அறையைத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. இயர்போனில் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள்.

கொஞ்சும் குரல் ஒன்று, "நம்பர் மாறாது மேடம், அப்கிரேடு பண்ணிடலாமா?" என்றது. மின்விசிறியின் சத்தம். நீளமாக ஒரு மூச்சு. அதன்பின் பாண்டிச்செல்வி, வெகு தூரத்திலிருந்து: "ம்... சாப்ட்டேம்ல. நீ சாப்ட்டியால?"

"தேங்க்யூ மேடம்" என்றது குரல்.

அப்போதுதான் அவளுக்குக் கனவு நினைவுக்கு வந்தது. ஆலையில் போன்களைப் பூட்டும் லைன் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் விழுந்த போன்கள் தாமரையிலைபோல ('போல' வேண்டாம். கனவில் அவை இலைகளேதான்) மிதந்தன. அக்கரையில் முழங்கால் தண்ணீரில் அருள்பாண்டி நின்றிருந்தான்.

ஷாரோன் இயர்போனைக் கழற்றினாள். மேடம் போய் அக்கா வந்தது.

"யாராண்டக்கா பேசிகினு இருந்த?"

"என் தம்பிட்ட."

"நீ ஓகே சொல்லவே இல்லக்கா. அவங்க நம்பர் மாறாதுன்னது சுத்தமா கேக்குது. கம்ப்ளெய்ண்ட்ட நானே போடறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"மேனேஜர் கத்துவாரு. கத்தட்டும்."

4

ஒரு முடிவில், எண் வேறு யாருக்கோ போய்விட்டது. எழுதிப் பார்த்தேன், தாங்கவில்லை. இன்னொன்றில், எண் திரும்பிய அதே நொடியில் தம்பி கூப்பிட்டான். எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். மேனேஜர் கத்தினார். நிறுவனம் இழுத்தடித்தது. ஷாரோன் விடவில்லை. கடைசியில் எண் திரும்பி வந்தது. சரிபார்க்க ஷாரோனே ஒரு அழைப்பு கொடுத்தாள். போன் அடித்தது. எதிரெதிரே நின்றுகொண்டு, எடுக்காமல், இருவரும் அது அடிப்பதைக் கேட்டார்கள்.

"நடுவுல நம்பர் இல்லாதப்ப அவன் கூப்ட்டிருந்தா?" என்றாள் பாண்டிச்செல்வி.

ஷாரோன் அழைப்பைத் துண்டித்தாள். கதையில் மணி அடிக்கவைப்பது எளிது. எடுத்ததும் அவன் என்ன குரலில் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது அப்படிப் போயிருந்தால் நீங்கள் எழுதலாம்.

ஒருவேளை, போனவரே நீங்களாக இருந்தால்: பழைய எண் வேலை செய்கிறது.