கிளீனரே, கதவைத் தொற

குரங்கு அரிசி டின்னின் மூடியைத் திறந்தபோது சின்னராசு கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏய்" என்றான். குரங்கு திரும்பி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, இவனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டதைப் போல அரிசியை அள்ளித் தின்ன ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று சாமி படத்துக்குப் போட்டிருந்த பூவைப் பிய்த்தது. இன்னொன்று கட்டில் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்து அவன் போர்வையை இழுத்தது. கால் தெரிந்தது. அந்தக் காலை அவனே இப்போதெல்லாம் பார்க்க விரும்புவதில்லை.

செவ்வந்தி மத்தியானம் வந்தபோது வீடெல்லாம் அரிசி. அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, சத்தம் போட்டு மணியம்மா அக்காவ கூப்புட வேண்டியதுதானே?"

"போட்டேன். என் சத்தம் இந்த ரூமத் தாண்டல" என்றான்.

அவன் லாரி ஓட்டியவன். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு கீழே இறக்குவான். முந்தின வருஷம் லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கித் தலைகீழாக விழுந்தான். கழுத்துத் தண்டுவடத்தில் அடி. உயிர் பிழைத்தான். ஆனால் கால்கள் இரண்டும் உணர்வில்லாமல் போயின. கைகளை ஓரளவு தூக்கலாம், விரல்கள் மடங்காது. மூச்சும் பாதியாகிவிட்டது. மலைப்பாதையில் எதிரே வரும் வண்டிக்காரனைக் குரல் கொடுத்தே ஒதுங்க வைப்பவன், இப்போது நாலு வார்த்தை பேசினால் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினான்.

செவ்வந்திக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. காலையில் போனால் மத்தியானம்தான் வர முடியும். நடுவில் பக்கத்து வீட்டு மணியம்மாள் இரண்டு மூன்று தரம் எட்டிப் பார்ப்பாள். அவளுக்காகத்தான் கதவைத் தாழிடாமல் போவது. அமிர்திக் காட்டை ஒட்டிய ஊரில் திறந்த கதவு எது என்பது குரங்குகளுக்குத் தெரிய அதிக நாள் ஆகாது.

அன்று சாயங்காலம் அவள் தன் தம்பிக்குப் போன் செய்தாள். இளவழகன் கணியம்பாடியில் இருந்தான். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா மாட்டும் வேலை. "பூட்டவும் கூடாது, பூட்டாமலும் இருக்கக் கூடாது. அதுக்கு இன்னாடா வழி?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பழைய லேப்டாப், உள்ளங்கை அளவு மைக், ஸ்பீக்கர், கதவில் மாட்டும் காந்தப் பூட்டு, சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சின்னச் சின்ன ரிலே டப்பாக்கள், ஒரு பேட்டரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான்.

"மாமா, நீங்க வாயால சொன்னா போதும். லைட்டு எரியும், ஃபேன் ஓடும், கதவு தொறக்கும்."

"கடைல விக்கிதே, அந்த மாதிரியா மச்சான்?"

"அது நம்ம பேச்ச எங்கியோ அனுப்பித்தான் புரிஞ்சிக்கும். இங்க காத்தடிச்சாவே நெட்டு போய்டுது. நெட்டு போனா கதவு தொறக்காம கெடப்பீங்களா? இது வேற. நாலு பேரு சேந்து புரோகிராம் எழுதி, யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு சும்மா வுட்டுட்டாங்க. எல்லாம் இந்த லேப்டாப்புக்குள்ளயே முடிஞ்சிரும். நீங்க பேசறது வூட்ட வுட்டு வெளிய போவாது."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பிகளை இழுத்து முடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. முதலில் அதற்கு ஒரு பேர் வேண்டும். அந்தப் பேரைக் கேட்டால்தான் அது விழித்துக்கொள்ளும், மற்ற நேரம் என்ன பேசினாலும் கண்டுகொள்ளாது. ஏற்கெனவே இருந்த இங்கிலீஷ் பேர் சின்னராசுவின் வாயில் நிற்கவில்லை.

"நீங்க எப்பவும் அக்காவத்தான கூப்புட்றீங்க? செவ்வந்தின்னே வெச்சிரலாமா?" என்றான் இளவழகன்.

அடுப்படியிலிருந்து செவ்வந்தி வெளியே வந்தாள். "அதெல்லாம் வோணாம். என் பேர இன்னொண்ணுக்கு வெக்காத" என்றாள். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ தட்டினான்.

சின்னராசு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "கிளீனர்னு வை. வண்டில ஏறனா நான் மொதல்ல கூப்புட்றது அவனத்தான்."

'கிளீனரே' என்று அவன் சொல்வதைப் பலமுறை பதிவு செய்தார்கள். சாப்பிடும் முன்னால், சாப்பிட்ட பின்னால், ஒருக்களித்துப் படுத்தபடி, தொண்டை கட்டியபடி. லேப்டாப் அதையெல்லாம் ராத்திரி முழுக்கக் கேட்டுக் கற்றுக்கொண்டது. காலையில் இளவழகன் முதலில் பேசிப் பார்த்தான்.

"கிளீனரே, லைட்டு போடு."

இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்து விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற மணியம்மாள் கையைத் தட்டினாள்.

"கிளீனரே... வெளிய இருக்கற லைட்ட... போடு" என்றான் சின்னராசு.

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை" என்றது ஸ்பீக்கர், செய்தி வாசிப்பவர் மாதிரி.

மறுபடியும் சொன்னான். மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. இளவழகன் மைக்கைத் தலையணைக்குப் பக்கத்தில் நகர்த்தினான், அதன் காதைக் கூர்மையாக்கினான். செவ்வந்தி சொன்னால் கேட்டது. மணியம்மாள் வேடிக்கைக்குச் சொன்னாள், அதற்கும் கேட்டது. யாருக்காக வாங்கி வந்ததோ அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. பேரைச் சொன்னால் டிங் என்று விழிக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

"போதும் மச்சான்" என்றான் சின்னராசு. "ஆம்பூர்ல வேல கீதுன்னியே, கெளம்பு."

"அடுத்த வாரம் வந்து பாக்கறேன் மாமா. எதையும் கழட்டாதீங்க."

அடுத்த இரண்டு நாள் அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை. செவ்வந்தி கேட்டதற்கு மட்டும் தலையசைத்தான். அவள் வேலைக்குக் கிளம்பும்போது கதவைப் பழையபடி ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள். போகும்போது தம்பி சொல்லிக் கொடுத்தபடி லேப்டாப் திரையைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தாள். அந்தப் பெட்டி தனக்குக் கேட்டதை எழுத்தில் காட்டும். "சும்மா படுத்துனு இருக்கறதுக்கு இத்தயாச்சும் பாத்துனு இருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றாள்.

"கிளீனரே... அட இருய்யா... இன்னும் நான் முடிக்கல... முடிக்கலடா!"

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை."

உள்ளே போனாள். அவன் முகம் வேர்த்திருந்தது. ஆனால் மூன்று நாளாக இருந்த முகம் அது இல்லை.

"செவ்வந்தி, ஒன் தம்பிக்கு போன் போடு. சீக்கிரம்."

போனை அவன் காதருகே பிடித்தாள்.

"மச்சான், ஸ்க்ரீன்ல பாத்தேன். 'வெளிய இருக்கற லைட்ட'ன்னு சரியாத்தான் எழுதுது. 'போடு' மட்டும் வரல. நான் மூச்சு வாங்கறன் பாரு... அந்த எடத்துல... நான் பேசி முடிச்சிட்டேன்னு நெனச்சிக்குது. பொறுமையே இல்லடா அதுக்கு."

அந்தப் பக்கம் இளவழகன் சிரித்தான். "அடடா மாமா! அது ஒரு நம்பருதான். பேச்சு நின்னப்பறம் எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு ஒரு எடத்துல போட்டிருக்கும். அக்காகிட்ட குடுங்க."

அவன் சொல்லச் சொல்ல செவ்வந்தி லேப்டாப்பில் தேடினாள். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, தம்பி "அதுதான், அதேதான்" என்றதும் அந்த எண்ணை மாற்றினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். சின்னராசு கண்ணை மூடிக்கொண்டான்.

"கிளீனரே... வெளிய இருக்கற லைட்ட..." நெஞ்சு ஏறி இறங்கியது. செவ்வந்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "...போடு."

வெயிலில் வாசல் விளக்கு எரிந்தது. அது எரிவதே தெரியவில்லை. செவ்வந்தி வெளியே ஓடிப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "எரியுதுங்க" என்றாள். அவன் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவன் கை எட்டாது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள், பிறகு தன் கண்ணையும்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. இளவழகன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சின்னராசு பேசுகிற பேச்சையே அதற்கு எழுதிக் கொடுத்தான். 'கதவத் தொற', 'தொறந்து வுடு', 'யாரோ வந்துகீறாங்க பாரு' என்று எப்படிச் சொன்னாலும் கதவு திறக்கும். சின்னராசு படுத்தபடி புதிது புதிதாக வாக்கியங்கள் சொல்லிக்கொண்டே இருந்தான். மன்னிப்புக் கேட்பதை மட்டும் முதலில் எடுக்கச் சொன்னான். "கிளீனர் எங்கியாச்சும் அப்புடிப் பேசுவானா? 'இன்னாண்ணா?'ன்னு கேக்கச் சொல்லு, போதும்." கரண்டு போனாலும் பேட்டரியில் பூட்டு வேலை செய்தது. மணியம்மாள் வந்து வாசலில் நின்று குரல் கொடுப்பாள், அவன் உள்ளிருந்து திறந்துவிடுவான். அவனே ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை அவள் கவனித்தாள். அதற்காகவே ஒரு தரம் அதிகமாக வந்து போனாள்.

போனையும் அதோடு சேர்த்துவிட்டதுதான் பெரிய விஷயமாக முடிந்தது. பேர் சொன்னால் போன் போகும், வந்த போனை எடுக்கவும் வாயால் சொன்னால் போதும். முதலில் பழைய கூட்டாளி மோகனுக்குப் போட்டான். மோகன் இன்னும் லாரிதான் ஓட்டுகிறான். அன்று மலைமேல் புளி மூட்டைக்கு வண்டி கிடைக்காமல் ஒருவர் அலைவதாக மோகன் சொன்னான். வேலூரில் லோடு இறக்கிவிட்டு வெறுமனே மேலே திரும்பும் மினி லாரி ஒன்று சின்னராசுவுக்குத் தெரியும். இருவரையும் போனில் சேர்த்துவிட்டான். அந்த வாரமே இன்னொருவர் கேட்டார். எந்த வளைவில் பெரிய வண்டி திரும்பாது, எந்த ஊரில் மழை பெய்தால் ரோடு போய்விடும் என்பதெல்லாம் அவன் மனசில் இருந்தது. போகப் போக, வண்டி பிடித்துக் கொடுக்கிற ஆள் என்று அவனுக்கே போன் வர ஆரம்பித்தது.

செவ்வந்திக்கு அந்த நாட்களில் ஒரு குறை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போது அவன் கூப்பிடுவான், துணி காயப்போடும்போது கூப்பிடுவான். எரிச்சலோடு போவாள். இப்போது அவன் குரல் கேட்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தால், அவன் கிளீனரோடு பேசிக்கொண்டிருப்பான். ஒருநாள் அடுப்படி வாசலில் அப்படி நின்றுவிட்டவளை அவன் பார்த்தான்.

"இன்னா நிக்கிற?"

"ஒண்ணும் இல்ல. கூப்புட்டீங்களோன்னு..."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "கட்டில்ல ஒக்காரு" என்றான். "வந்ததுலேர்ந்து நின்னுனே கீற." அவள் உட்கார்ந்தாள். வெளியே யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அடுப்பில் வைத்த பால் பொங்கும் வாசனை வரும்வரை அப்படியே இருந்தாள்.

தை மாதம் திருப்பத்தூரில் இருக்கும் செவ்வந்தியின் அக்கா ராஜேஸ்வரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு செவ்வந்தி எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. போகவில்லை என்று சொல்லிவிடத்தான் இருந்தாள்.

"போய்ட்டு வா. மணியம்மா அக்கா சோறு போட்டு ஊட்டி வுடறேன்னுகீறாங்க" என்றான். "நான் இன்னா, கொழந்தையா?"

விடிந்ததும் கிளம்பினாள். வாசலைத் தாண்டியதும் பின்னால் பூட்டு டக்கென்று ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பஸ் ஏறும்வரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். வேலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட்டானா, போர்வை நழுவியிருக்குமா என்று ஏதேதோ ஓடியது. போனை எடுத்துப் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தான்.

"செவ்வந்தி, நீ வை. மோகன் லைன்ல கீறான். ஆலங்காயத்துக்கிட்ட வண்டி நின்னு போச்சாம், வேற வண்டி ஏற்பாடு பண்ணணும். நான் அப்புறம் கூப்புட்றேன்."

"மாத்திர..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். முதலில் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்கக்கூட விடவில்லையே என்று. பக்கத்து சீட்டில் மடியில் பூக்கூடை வைத்திருந்த அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா, யாரு?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் செவ்வந்தி. "வேலையா கீறாராம்."

சொல்லிவிட்டு அவள் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜன்னல் கண்ணாடியை நகர்த்தித் திறந்தாள். காலைக் காற்று முகத்தில் அடித்தது. டிக்கெட் கேட்டு நடத்துநர் வந்தார்.