டங்கன் பெயர் போட்ட பனியன்

ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு பெவ் வந்து கதவைத் தட்டினாள். ஆறரைக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

"எழுந்தியா இல்லையாடி?" தபால் போடும் துவாரத்தின் வழியே குரல் வந்தது.

கெயில் எழுந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. சமையலறையில் உட்கார்ந்து, உறைந்த பட்டாணிப் பையை இடது முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பையை ஃப்ரீசருக்குள் தள்ளினாள். நீளச் சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பெவ் கெயிலின் கணவன் டங்கனின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கெயில் ஓடும்போது பின்னால் சைக்கிளில் வருவாள். கூடையில் தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், ஜெல்லி மிட்டாய். ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை.

"இன்னைக்கு இருபது மைல்," என்றாள் பெவ். "இதை முடிச்சிட்டா அப்புறம் எல்லாம் குறையத்தான். பனியனைப் போட்டுக்க."

"பழகுறதுக்கு எதுக்கு பெவ்? அழுக்காயிடும்."

"தோள்ல உரசுதான்னு இப்பவே பாக்கணும்ல. லண்டன்ல போய் உரசினா, நான் மருந்து டப்பாவைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடி வரவா?"

பனியனின் நெஞ்சில் அச்சடித்த படத்தில் டங்கன் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு மீன். மேலே கொட்டை எழுத்தில் அவன் பெயர். லண்டன் மாரத்தானில் ஓடுகிறவர்கள் நெஞ்சில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது வழக்கம். வேலியோரம் நிற்கும் கூட்டம் அதைப் படித்துப் பெயர் சொல்லி உற்சாகப்படுத்தும். அச்சடிக்கும் கடையில் பெவ்தான் சொன்னாள்: "உன் பேரைப் போட்டா உன்னைக் கூப்பிடுவாங்க. அவன் பேரைப் போட்டா ஊரே அவனைக் கூப்பிடும்." அவள் கண் நிறைந்திருந்தது. கெயில் தன் அளவை மட்டும் சொன்னாள்.

கால்வாய்ப் பாதையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கெயில் ஓடினாள். பின்னால் சைக்கிள் சங்கிலியின் சத்தம். முதல் மூன்று மைலுக்கு வலி வரவில்லை. அதன் பிறகு வந்தது. காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குத்தியது.

அவள் ஓடுவதாகச் சொன்னதே இல்லை. போன ஆகஸ்டில் டங்கனை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் பப்பின் மாடியறைக்கு வந்திருந்தார்கள். டீயும் ஹாம் சாண்ட்விச்சும். பெவ் எழுந்து, டங்கன் கடைசி ஐந்து வாரம் படுத்திருந்த, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸுக்கு நன்றி சொன்னாள். அங்கே ஒரு பைசா வாங்காமல் பார்த்தார்கள் என்றாள். அவர்களுக்காக நாம் பணம் திரட்டித் தர வேண்டும் என்றாள். பிறகு, "நம்ம கெயில் லண்டன்ல ஓடப் போறா," என்றாள். அறுபது பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். கெயிலின் வாயில் சாண்ட்விச் இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் கறிக்கடைக்காரர் இருபது பவுண்டு நோட்டை மேசையில் வைத்துவிட்டார்.

எட்டாவது மைலில், கரையில் கட்டியிருந்த ஒரு படகிலிருந்து கிழவர் ஒருவர் கையை ஆட்டினார்.

"விடாத டங்கன்! நல்லா ஓடுற!" அருகில் வந்ததும் உற்றுப் பார்த்தார். "அட, பொம்பளையா! டங்கன்னா பேரு?"

"அது என் தம்பி," என்று பெவ் சைக்கிளிலிருந்து கத்தினாள். "போயிட்டான். இவ அவன் பொண்டாட்டி. ஹாஸ்பிஸுக்காக ஓடுறா."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "இருங்க, இருங்க." உள்ளே போய் ஐந்து பவுண்டு எடுத்துவந்தார். கெயில் நின்று வாங்கிக்கொண்டாள். நின்றபோது வலி அதிகமாகத் தெரிந்தது.

"குடுத்துவச்சவன்மா உன் புருஷன்," என்றார் அவர்.

"ரொம்ப நன்றி," என்றாள் கெயில்.

டங்கன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. இருபத்திரண்டு வருடம் அவள் சொல்ல ஆரம்பித்ததை எல்லாம் அவன் சொல்லி முடித்தான். கடையில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவன் சொன்னான். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று அவன் சொன்னான். ஒரு நாள் தொலைபேசியில் யாரோ அவளிடமே ஏதோ கேட்க, பதில் தெரியாமல் அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரமே விட்பியில் கடலோரமாக ஓர் அறை பார்த்தாள். துணிப்பையைக் கார் டிக்கியில் வைத்தாள். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிடுவது என்று இருந்தாள். வியாழக்கிழமை மாலை அவன் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தான்.

பையை அவள் திரும்ப எடுத்துவந்து துணிகளை அடுக்கினாள். பத்தொன்பது மாதம் அவனைப் பார்த்துக்கொண்டாள். குறை வைக்கவில்லை. அவள் கிளம்ப இருந்தது யாருக்கும் தெரியாது.

இப்போது விட்பியில் ஒரு விடுதிச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மே ஆறாம் தேதி சேர வேண்டும். ஏப்ரல் கடைசி ஞாயிறு லண்டனில் ஓட்டம். ஓடி முடித்துப் பதக்கத்தை பெவ் கையில் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் யாரும் அவளை எதுவும் கேட்க முடியாது என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு நினைப்பில்தான் ஜனவரிப் பனியில் எழுந்து ஓடினாள்.

போன வியாழன், தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஹேலிஃபாக்ஸுக்குப் போய்க் காலைக் காட்டினாள். பிசியோதெரபி பார்க்கும் இளைஞன் எலும்பின் மேல் விரலை வைத்ததும் அவள் பல்லைக் கடித்தாள்.

"விரிசல் மாதிரி இருக்கு. ஆறு வாரம் ஓடவே கூடாது. ஸ்கேன் எடுத்துடுங்க," என்றான்.

அவளுக்குள் ஏதோ இறங்கி லேசானது. ஓடக் கூடாது. காலைப் பார்த்தவனே சொல்லிவிட்டான். இவ்வளவு சுலபமா?

"கவலையே படாதீங்க," என்றான் அவன். "தர்மத்துக்கு ஓடுறவங்க இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாத்திக் குடுத்துடுவாங்க. அப்ப இன்னும் பயிற்சி எடுத்திருப்பீங்க, பணமும் இன்னும் சேரும். ஒரு விதத்துல அதிர்ஷ்டம்தான்."

அப்படியானால் இன்னும் ஒரு வருடம் இங்கே. அவள் நன்றி சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் நீளச் சாக்ஸ் வாங்கினாள்.

பத்தாவது மைலில் திரும்பினார்கள். எதிர்க்காற்று. பெவ் ஜெல்லி மிட்டாயை நீட்டினாள்.

"இடது காலை இழுக்குற," என்றாள்.

"இல்லையே."

"பின்னாலேயே வர்றேன். உன் கால் இழுக்குதா, குதிக்குதான்னு எனக்குத் தெரியாதா?"

"ஷூ புதுசு."

"ஷூ பிப்ரவரில வாங்கினது. நான்தானே கூட வந்தேன்."

கெயில் வேகத்தைக் கூட்டினாள். சங்கிலிச் சத்தமும் கூடியது.

பதினான்காவது மைலில், மதகுக்கு ஏறும் கல் சரிவில், கால் அவளுடையதாக இல்லாமல் போனது. விழவில்லை. மதகுக் கதவைத் தள்ளித் திறக்கும் நீண்ட மரக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெவ் சைக்கிளை அப்படியே புல்லில் போட்டுவிட்டு வந்தாள். அவளை மரக்கையின் மேல் உட்காரவைத்து, கேட்காமலேயே சாக்ஸை உருட்டி இறக்கினாள்.

கால் வீங்கிப் பளபளத்தது.

"அடிப் பாவி," என்றாள் பெவ். "எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரமா இதை வச்சுக்கிட்டு ஓடுறியா! யாராவது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னாங்க. நான் ஓடிடுவேன் பெவ். இன்னும் மூணு வாரம் இருக்கு. கட்டுப் போட்டுக்கிட்டு ஓடிடுவேன். தேவைப்பட்டா நடப்பேன்."

பெவ் அவளைப் பார்த்தாள். மழை அவள் ஹெல்மெட்டிலிருந்து மூக்கில் சொட்டியது. பிறகு கெயிலின் தலையை இழுத்துத் தன் மழைக்கோட்டில் சாய்த்துக்கொண்டாள்.

"அவன் மேல இவ்வளவு உசுரா உனக்கு," என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு. உண்மையைச் சொல்றேன், உங்களைப் பாத்தா சில சமயம் எனக்குச் சந்தேகமாக்கூட இருக்கும். என்னை மன்னிச்சிடு."

மழைக்கோட்டு ரப்பர் வாசனை அடித்தது. கெயிலின் நெஞ்சுக்கும் பெவ்வுக்கும் நடுவில் டங்கனின் முகம் நசுங்கியிருந்தது.

"போதும், நிறுத்து," என்று பெவ் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "ஓட்டத்தைப் பாத்துக்கிற அந்த ஹாஸ்பிஸ் பொண்ணுகிட்ட சொல்லிடுறேன்."

"பெவ், வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமை, யாரும் எடுக்க மாட்டாங்க. தகவல் விட்டு வைப்போம்." அதற்குள் அழைப்பு போய்விட்டது. "ஹலோ, நான் பெவ் பேசறேன். டங்கனோட அக்கா. நம்ம கெயிலுக்குக் கால்ல அடி. ஓடியே தீருவேன்னு நிக்கிறா, நான்தான் விடல. இடத்தை அடுத்த வருஷத்துக்கு மாத்திடுங்க. அடுத்த வருஷம் நானும் ஓடுறேன், எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க. சிரிக்காதீங்க. வருஷா வருஷம் எங்க குடும்பத்துல ஒருத்தர் ஓடுவோம்னு எழுதிக்கங்க. சரி, வச்சிடுறேன்."

போனைப் பைக்குள் போட்டாள். முகம் தெளிந்திருந்தது. பல மாதமாக கெயில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"முடிஞ்சுது. இனிமே நீ காலை நீட்டிப் படுத்துக்க. சூப்பு வச்சு நான் கொண்டு வர்றேன். பனியன் அப்படியே இருக்கட்டும், தேதி மட்டும்தானே பின்னாடி போட்டிருக்கு, மேல ஒரு துணி ஒட்டிக்கலாம்."

மதகின் பலகை இடுக்கில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. கெயில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"பெவ்," என்றாள். "அடுத்த வருஷம் என்னால முடியாது."

"முடியும் முடியும். எலும்புதானே, ஒட்டிக்கும்."

"எலும்பு இல்ல. நான் ஓட மாட்டேன். அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன்."

பெவ் புல்லில் கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு வாழைப்பழம் உருண்டு கால்வாயில் விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"இங்க இல்லாம? அவனை இங்க விட்டுட்டு எங்க போகப் போற?"