நாலாவது பாட்டு

புருஷோத்தமன் கடைக்குள் வந்தபோது பிரிஸ்கில்லா ஒரு பெரியவரின் ரேஷன் கார்டை ஸ்கேனரில் நேராக வைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடையில் திங்கட்கிழமை காலை என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. பட்டா நகல், சாதிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் டிசைன் என்று ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். புருஷோத்தமன் முண்டியடிக்கவில்லை. மானாம்பதியில் இருபது ஏக்கர் வைத்திருப்பவர், கூட்டம் தானாகவே கொஞ்சம் விலகிக் கொடுத்தும் ஓரமாகப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். எல்லோரும் போன பிறகுதான் எழுந்து வந்து ஒரு சிட்டா நகலை மேஜைமேல் வைத்தார். அதை எத்தனை காப்பி போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்க வாய் திறப்பதற்குள் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டார்.

"புதுசா வர்ற பாட்டப் பத்தியெல்லாம் நீ பேசறியாமே பாப்பா. என் மருமவ சொன்னா. அந்த நாலாவது பாட்ட கொஞ்சம் போடு."

பிரிஸ்கில்லாவுக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அவள் வாட்ஸ்அப் சேனலில் பத்து நிமிடம் பேசி அனுப்புகிறாள். அந்த வாரம் வெளிவந்த ஆல்பங்களில் ஐந்து. கானா என்றால் மூக்கைச் சுளிப்பவர்களுக்குக் கானாவையும், கச்சேரி என்றால் கொட்டாவி விடுபவர்களுக்கு வீணையையும் ஊட்டிவிடுவதுதான் அவளுடைய வேலை. சம்பளம் கிடையாது, ஒருத்தரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் பத்து வருடம் இரண்டாம் குரல் பாடியவள், காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு ஆல்பத்தையும் மூன்று முறை கேட்பாள். ஒரு தடவை பாட்டுக்காக, ஒரு தடவை வாத்தியங்களுக்காக, மூன்றாம் தடவை பாட்டுக்குப் பின்னால் இருக்கிற சத்தங்களுக்காக. ரெக்கார்டிங் ரூமில் மின்விசிறி ஓடியதா, பாடகர் நாற்காலியில் அசைந்தாரா, வெளியே மழை பெய்ததா என்று கண்டுபிடித்துச் சொல்வாள். அதற்காகவே மூவாயிரத்துச் சொச்சம் பேர் அவளைக் கேட்டார்கள். செய்யாறிலிருந்து துபாய் வரை ஆள் உண்டு.

போன வெள்ளிக்கிழமை சொன்ன ஐந்தில் முதலாவது வடசென்னைப் பையன்கள் மூன்று பேர் போட்ட கானா ஆல்பம், அதை 'பஸ்ஸுல ஜன்னலோரமா கேளுங்க' என்றாள். இரண்டாவது வீணையும் கம்ப்யூட்டர் தாளமும் சேர்ந்தது. அப்புறம் கோயம்புத்தூர்ப் பேச்சில் ஒரு ராப், பெண்கள் மட்டுமே பாடிய ஒரு ஜெபப் பாடல் தொகுப்பு. கடைசியாக அவள் ஆசையோடு பொத்தி வைத்திருந்து சொன்னது 'ஈரத்துணி'. பாடியவர்கள் பெயர் 'ரெண்டு பேர்' என்று மட்டும் போட்டிருந்தது. படம் இல்லை, ஊர் இல்லை. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு கிதார், தாளத்துக்கு எவர்சில்வர் குடம். ஏழு பாட்டும் ஒரே அறைக்குள் நடந்தன. துணியை வெளியே காயப்போடாமல் அறைக்குள்ளேயே கயிறு கட்டிப் போடுகிறார்கள், அது காயவே மாட்டேன் என்கிறது, ஈர வாசனையோடு உடுத்திக்கொள்கிறார்கள். எதற்கு உள்ளேயே காயவைக்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் கேட்கக் கேட்க மனசு நனைகிறது என்று பிரிஸ்கில்லா ரசித்துச் சொல்லியிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலாவது பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்து அந்தப் பெண் மூச்சு வாங்குகிற இடத்தில், தூரத்தில் நெல் அவிக்கிற பாய்லரின் விசில் கேட்கிறது. உச்சத்தில் தொடங்கி நடுவில் விக்கல் எடுத்து மறுபடி எழும்பும். பின்னாலேயே கூட்ஸ் வண்டியின் ஹாரன். அதற்கும் பின்னால் ஒரு அடிபம்ப்பின் கிறீச். அக்கா சுதா வீட்டில் தங்கி இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்தபோது பிரிஸ்கில்லா தினமும் கேட்ட சத்தங்கள். இந்த மூன்றும் சேர்ந்து கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'இது நம்ம வாலாஜாபாத்துங்க, நம்ம ஊர் அரிசி மில்லு விசிலுங்க. எந்த மில்லுன்னு சரியா சொல்றவங்க பேர அடுத்த வாரம் சேனல்ல சொல்லுவேன்' என்று ஒரு போட்டியே வைத்துவிட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் நம்பருக்குப் பதில்கள் வந்துகொண்டிருந்தன. யாரோ நாலு மில்லின் விசிலைப் பதிவுசெய்தே அனுப்பியிருந்தார்கள். ஆர்வத்தைப் பார்த்தாயா என்று அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இப்போது கடையின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டாள். புருஷோத்தமன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல்கள் மேஜைமேல் தாளம் தப்பாமல் தட்டின. பெண் குரல் மேலே ஏறுகிற இடத்தில் அவர் தாடை மட்டும் இறுகியது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"நல்ல கொரலு. ஸ்கூல்ல ரெண்டு வருஷம் பிரைஸ் வாங்கின கொரலு. எந்த மில்லு பாப்பா அது?"

பிரிஸ்கில்லாவின் கை மௌஸ்மேலேயே நின்றுவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன் இதே மனிதர் இதே மேஜைக்கு எதிரே நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூட இரண்டு பேர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், அவருடைய தம்பி மகள், பெயர் இளவரசி, கல்லூரி விழாவில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற தோழியின் தோளை வெட்டியெடுத்து, பின்னால் வானமும் மேகமும் வைத்து, தலையைச் சுற்றி லேசாக ஒளி போட்டது பிரிஸ்கில்லாதான். ஐயோ பாவம், என்ன ஆச்சு என்று அவள் கேட்க, கடைக்காரர் ஏகாம்பரம் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவர்கள் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண் சாகவில்லை. காலனியைச் சேர்ந்த ஜான் என்கிற ஏ.சி. மெக்கானிக்கோடு போய்விட்டாள், வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இப்படிப் போஸ்டர் ஒட்டுவது நடக்கிற காரியம்தான். அதைக் கேட்ட பிறகும் பிரிஸ்கில்லா வேலையை நிறுத்தவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினாள்.

காயாத துணி எதற்கு அறைக்குள் தொங்கியது என்று இப்போது புரிந்தது. கொடியில் ஒரு தாவணியைப் பார்த்துக்கூட யாரும் எதையும் விசாரித்துவிடக் கூடாது. அப்படி ஒளிந்திருந்த இரண்டு பேரைத்தான் அவள் மைக் வைத்து, போட்டி வைத்து, மூவாயிரம் பேரை விட்டுத் தேடச் சொல்லியிருக்கிறாள். தன் காதையே அறுத்துப் போடலாம் போல இருந்தது.

"அது வாலாஜாபாத்தே இல்ல சார். நான் தப்பா சொல்லிட்டேன். செங்கல்பட்டு பக்கம் போலக்கீது."

"உன் காது தப்பா சொல்லாதுன்றாளே மருமவ."

"இந்த வாட்டி தப்பிடுச்சு சார்."

அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பிள்ளை பொய் சொல்வதைப் பார்க்கிற பெரிய மனிதரின் பொறுமை அந்த முகத்தில் இருந்தது, அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "சரி, வுடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சிட்டா நகல் மேஜைமேலேயே கிடந்தது.

முதல் காரியமாகச் சேனலில் அந்த வாரத்துப் பேச்சை அழித்தாள். அழித்து என்ன, நூற்றுப்பத்துப் பேர் ஏற்கெனவே மற்றவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். 'ரெண்டு பேர்' பக்கத்துக்குத் தகவல் அனுப்பினாள்: வீட்டை விட்டு உடனே கிளம்புங்கள், அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது. கடைக்குப் பின்னால் சந்தில் நின்று பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். முகவரியைச் சொன்னால் உடனே ஆள் அனுப்புகிறோம் என்றாள். ஒரு விசில், ஒரு ரயில், ஒரு அடிபம்ப் என்று எப்படி முகவரி சொல்வது? சுதா குடியிருந்த தெருவின் பெயரைச் சொன்னாள். நாற்பது ஐம்பது வீடு இருக்குமே, கதவு எண் ஏதாவது தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். கதவு எண்ணோடு மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்தாள் பிரிஸ்கில்லா. சுதாவைக் கேட்கலாம் என்றால் அவள் குடும்பத்தோடு ஓசூர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

வயிற்றுவலி என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு, எதிரே கிளம்பிக்கொண்டிருந்த வாலாஜாபாத் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினாள். கடைசி சீட் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே இருந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது போட்டிக்கு இன்னொரு பதில் வந்து விழுந்தது. முகம் தெரியாத ஓர் எண். மில்லின் பெயரைச் சரியாக எழுதி, கீழே ஒரு கும்பிடு போட்டிருந்தது. இது யாரோ ஒரு ரசிகனாக இருக்கட்டும் ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

தெரு மாறவே இல்லை. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மில்லின் பின்சுவரை ஒட்டிப் போகிற நீளமான தெரு. உமி வாசனை, சுவரோரம் கருப்பாகச் சாம்பல். உச்சிவெயிலில் ஆள் நடமாட்டம் இல்லை. பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம் கிதார் வைத்திருக்கிற ஜோடி யாராவது குடிவந்திருக்கிறார்களா என்று கேட்டாள். அந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "காத்தால ஒரு ஆளு இதே கேள்விதான் கேட்டுக்கினு போனான். எங்களுக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தெரிந்துதான் சொல்லவில்லை என்று பிரிஸ்கில்லாவுக்குப் பட்டது. அந்த ஆளிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்பதில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் இப்படியே ஒவ்வொரு கதவாகத் தட்டினால் ஒரு வீட்டிலும் வாய் திறக்க மாட்டார்கள். பயந்து ஒளிந்திருக்கிறவர்கள் தெரியாத ஆள் கூப்பிட்டால் எதற்கு வெளியே வரப்போகிறார்கள்?

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. போனில் நாலாவது பாட்டை எடுத்து, சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு, தெருவின் நடுவே மெதுவாக நடந்தாள். தங்கள் பாட்டு வாசலில் கேட்டால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றாது? முதல் சரணம் போயிற்று. ஒரு நாய் எழுந்து கொஞ்ச தூரம் கூடவே வந்தது. இரண்டாவது சரணம் பாதியில் இருந்தபோது பச்சை பெயின்ட் அடித்த ஒரு தகரக் கதவு திறந்தது.

மேகத்துக்கு நடுவே தான் ஒட்டி அனுப்பிய முகத்தை நேரில் பார்த்ததும் பிரிஸ்கில்லாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இளைத்திருந்தாள். கைகளில் முழங்கை வரை இட்லி மாவு. பயந்தவளாகத் தெரியவில்லை, வியப்பில் வாய் திறந்திருந்தது.

"உள்ள போம்மா. கதவ சாத்து. உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சு, கெளம்பணும்" என்றாள் பிரிஸ்கில்லா. பதற்றத்தில் வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதின. சத்தத்தைக் குறைக்கவும் தோன்றவில்லை, பாதி பேச்சை அந்தப் பாட்டே விழுங்கிவிட்டது. எதிரே நின்றவளுக்கு எட்டியது குரல் மட்டும்தான்.

"யக்கா, நீங்க வெள்ளிக்கெழம அக்காதான? இந்தக் கொரலு எனக்குத் தெரியாதா. எங்க போன்ல நெட்டு தீந்துபோச்சு, பக்கத்து வூட்டு அக்கா போன்லதான், மனசு நனையுதுன்னு சொன்னீங்களே, அந்த எடத்த மட்டும் ரெண்டு பேரும் நாலு வாட்டி கேட்டோம். ஜானு அளுதுட்டான் தெரியுமா?" மாவுக் கையாலேயே பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ஜானு, யாரு வந்துக்கீறாங்க பாரு."

பிரிஸ்கில்லா போனைத் துழாவிப் பாட்டை நிறுத்தினாள். பாட்டு நிற்கவில்லை. அதே குரல், அதே குடத்துத் தாளம், இரண்டு வரி பின்தங்கி, தெருமுனையிலிருந்து வந்தது. கண்ணாடிகள் இறக்கிவிட்ட ஒரு வெள்ளைக் கார் உமிச் சாம்பல்மேல் ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

இளவரசி நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கார்லயும் எங்க பாட்டுதான்க்கா போட்டுக்கினு வராங்க."